கிணறு காத்த ஊரும் காடு காத்த ஊரும்

தமிழ்நாட்டின் மேற்கெல்லையில் நெடுமதில்போல் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, கோயம்புத்தூருக்கு அப்பால் ஓரிடத்தில் தாழ்ந்து வழிவிடுகின்றது. அதனைப் பாலக்காட்டுக் கணவாய் என்கின்றோம். பண்டை நாள்தொட்டு வணிகரும் படைஞரும் இவ்வழியே நடந்தனர். இன்று இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் இவ்வழியே செல்கின்றன.

கேரளம் என்றவுடன் ஓயாத மழையும், தோப்பும், காயலும் நம் மனக்கண்முன் தோன்றும். ஆயின், கணவாயின் கீழ்ப்பகுதியாகிய சிற்றூர் வட்டத்திற்குச் செல்வோர் வேறொரு காட்சியையே காண்பர். அங்கே பனைகள் வரிசையாக நிற்கின்றன. சில இடங்களில் கரிசல் மண் தென்படுகின்றது. காற்று வறண்டு வீசுகின்றது. கேரளத்தின் பிற பகுதிகளை நோக்க இங்கு மழை வெகுவாகக் குறைவு. நிலம் கேரளத்தைச் சேர்ந்ததாயினும் பல வீடுகளில் வழங்கும் மொழி தமிழே. இத்தகைய ஊர்களில் நீர் எப்போதும் எண்ணிச் செலவிட வேண்டிய செல்வமாகவே இருந்து வந்துள்ளது.

ஆற்றுநீரைப் பங்கிட்டுக்கொள்ள அரசுகள் உடன்படிக்கை செய்துகொள்ளலாம். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் பற்றித் தமிழ்நாடும் கேரளமும் 1970ஆம் ஆண்டில் அவ்வாறே செய்துகொண்டன. சிற்றூர்ப் பகுதிக்கு ஆண்டுதோறும் 7.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் வரவேண்டும் என்று எழுதப்பட்டது. ஆனால், மண்ணுக்கடியில் கண்ணுக்குப் புலப்படாது ஓடும் நீருக்கு யார் உரியவர்? அதைப் பற்றி எந்த உடன்படிக்கையும் இல்லை. இக்கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் சட்டம் கற்றவர்கள் அல்லர். குடத்துடன் கிணற்றங்கரைக்குச் சென்ற பெண்கள். அவ்வரலாற்றையே இங்குச் சிறிது காண்போம்.

சிற்றூர் வட்டத்தில் பெருமாட்டி என்றோர் ஊராட்சி உண்டு. அதனுள் அடங்கிய சிற்றூர் ஒன்றின் பெயர் பிளாச்சிமடை. இரவாளர், மலசர் முதலிய பழங்குடியினரும், உழவர்களும், கூலி வேலை செய்வோரும் அங்கு வாழ்கின்றனர். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் கோகோ கோலா நிறுவனத்தின் இந்தியக் கிளை அங்கு ஆலை நடத்த ஊராட்சி உரிமம் வழங்கியது. வேலை கிடைக்கும், வரி வரும் என்று ஊரார் மகிழ்ந்தனர். அதில் வியப்பொன்றும் இல்லை. வறண்ட ஊருக்கு ஆலை வருவது நல்ல செய்தியன்றோ?

ஆலைக்கு வேண்டிய நீர் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து எடுக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் சுற்றுப்புறக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியது. எஞ்சிய நீரும் முன்போல் இல்லை. பருப்பு வேகவில்லை, சோறு விரைவில் கெடுகின்றது, குளித்தால் உடல் அரிக்கின்றது என்று பெண்கள் முறையிட்டனர். கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுமானால் நீர் கடினத்தன்மை அடையும். அத்தகைய நீரில் பருப்பு எளிதில் வேகாது. ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டியதை அடுப்பங்கரை முன்னதாகவே சொல்லிவிட்டது. பின்னர், 2003ஆம் ஆண்டில், ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரும் அக்கிணற்று நீர் குடிப்பதற்கு ஏற்றதன்று என ஊராட்சிக்கு அறிவித்தார்.

2002ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், ஆலை வாயிலுக்கு எதிரே ஒரு பந்தல் எழுந்தது. ஓலை வேய்ந்த அப்பந்தலில் ஊர்மக்கள் முறைவைத்து அமர்ந்தனர். அவர்களுள் முன்னணியில் நின்றவர் மயிலம்மா என்னும் இரவாளர் குலத்துப் பெண்மணி. பள்ளிப் படிப்பு வாய்க்கப்பெறாதவர். ஆயினும், தம் வீட்டுக் கிணறு கெட்டதை உலகறியச் சொல்லும் ஆற்றல் அவரிடம் இருந்தது. ஒரு நாள், இரு நாள் அன்று. ஆயிரம் நாட்களுக்கு மேலும் அப்பந்தல் நீடித்தது. அன்றாடக் கூலியை நம்பி வாழ்வோர்க்கு ஒரு நாள் அமர்ந்திருப்பது ஒரு நாள் உணவை இழப்பதாகும். இதனை நாம் மறக்கலாகாது.

இவ்வரலாற்றில் ஊராட்சியின் பங்கு தனியே எண்ணத்தக்கது. உரிமம் அளித்ததும் அவ்வூராட்சியே. 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் அதனைப் புதுப்பிக்க மறுத்ததும் அவ்வூராட்சியே. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், அதனை ஒட்டி எழுந்த 1994ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிச் சட்டமும், 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கமும் கேரளத்துச் சிற்றூர்களுக்குத் தம் செயலைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை வழங்கியிருந்தன. வருவாய் தந்த ஆலையை எதிர்த்து நிற்பது ஓர் ஊராட்சிக்கு எளிதன்று. தவறே செய்யாத மன்றம் எங்கும் இல்லை. செய்ததைத் திருத்திக்கொள்ளும் துணிவுடைய மன்றமே போற்றத்தக்கது.

அதே 2003ஆம் ஆண்டு ஜூலையில் வானொலியும் இதில் இடம்பெற்றது. உழவர்களுக்கு உரமென்று ஆலையிலிருந்து வழங்கப்பட்ட கசடைப் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தார் இங்கிலாந்தில் சோதிக்கச் செய்தனர். அதில் காட்மியம், ஈயம் ஆகிய நச்சு உலோகங்கள் இருந்தன என்ற செய்தி ஒலிபரப்பாயிற்று. அக்கசடால் தீங்கில்லை என்றது நிறுவனம். ஆயினும், அதுவரை ஒரு மூலையில் ஒலித்த குரல் உலகெங்கும் கேட்டது. 2004ஆம் ஆண்டு ஜனவரியில் பல நாட்டு அறிஞர்களும் கூடிய உலக நீர் மாநாடு பிளாச்சிமடையை ஒட்டி நடைபெற்றது.

வழக்கு கேரள உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. 2003ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், நீதிபதி பாலகிருஷ்ணன் நாயர் தீர்ப்பளித்தார். நிலத்தடி நீர் மக்களனைவர்க்கும் உரிய பொதுச்செல்வம். அரசு அதன் அறங்காவலர் மட்டுமே. ஒருவர் அளவின்றி எடுத்துப் பிறர் வாடுவதை அரசு பார்த்திருக்கலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில், வறட்சியை முன்னிட்டு, ஆலை நீர் எடுப்பதை மாநில அரசு தடுத்தது. மார்ச் மாதத்தில் ஆலை நின்றது. 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் உயர்நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு வேறு கருத்துக் கொண்டது. நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. வழக்கு உச்சநீதிமன்றத்தை அடைந்தது. எனினும் ஆலை மீண்டும் இயங்கவில்லை. அதனைத் திறக்கும் எண்ணம் இல்லையென்று நிறுவனமே 2017இல் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. கிணறுகள் வற்றியதற்குக் காரணம் ஆலையன்று, மழைக் குறைவே என்று நிறுவனத்தார் வாதித்தனர். அவ்வாண்டுகளில் மழை குறைந்தது உண்மைதான். ஆனால் அவ்வாதம் எதனை நிலைநாட்டுகின்றது? மழை நிறைய பெய்யும் ஆண்டில் யார் எவ்வளவு எடுத்தாலும் எவரும் கேட்பதில்லை. மழை பொய்க்கும் ஆண்டில்தான் பங்கு என்ற சொல்லுக்குப் பொருள் பிறக்கின்றது. பானையில் சோறு குறையும்போது, முன்னே அமர்ந்தவர் தம் கையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த முறை. மழைக் குறைவு மிகுதியாக எடுத்ததற்கு மன்னிப்பு ஆகாது. குறைவாக எடுக்க வேண்டியதற்கே அது காரணமாகும்.

இவ்வெற்றி முழுமை பெறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010இல் தந்த அறிக்கையில், ஊர்மக்கள் அடைந்த இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. நிறுவனம் அதனை ஏற்கவில்லை. இழப்பீடு பெற்றுத்தரத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரள சட்டமன்றம் 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டாமற் போயிற்று. மயிலம்மா 2007ஆம் ஆண்டு ஜனவரியிலேயே மறைந்தார். ஆலை நின்றதை அவர் கண்டார்; கெட்ட கிணறுகளுக்கு ஈடு கிடைத்ததை அவர் காணவில்லை.

தீங்கு வந்தபின் போராடிக் காத்த கதை இது. தீங்கு வருமுன் காவல் நின்ற கதையும் இம்மலையிலேயே உண்டு. பாலக்காட்டிலிருந்து ஆனைமலையையும் அதற்கப்பால் ஏலமலையையும் தெற்கே கடந்து சென்றால் இடுக்கி மாவட்டத்துக் குமுளியை அடைவோம். அதுவும் தேனி மாவட்டத்தை ஒட்டிய எல்லையூர். அங்கும் தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் வழங்குகின்றன. 1895இல் கட்டிமுடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர், அருகிலுள்ள தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து தமிழ்நாட்டு வயல்களுக்கு வருகின்றது. அந்த நீருக்குத் தாயாக விளங்குவது சுற்றிலும் உள்ள காடு. அது 1978 முதல் புலிகள் காப்பகமாக இருந்து வருகின்றது.

அக்காட்டில் வயணம் என்னும் மரத்தின் பட்டையை உரித்துக் களவாக விற்றுப் பிழைத்தவர்கள் சிலர் இருந்தனர். பட்டை உரிந்த மரம் பட்டுப்போகும். அவர்களைச் சிறைப்படுத்துவது ஒன்றே வழியென்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1996ஆம் ஆண்டு தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது வனத்துறையினர் வேறு வழி கண்டனர். 23 பேர் தம் தொழிலைக் கைவிட்டு ஒரு குழுவாயினர். காட்டின் ஒவ்வொரு தடமும் அறிந்த அவர்கள், பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டுக்குக் காவலர்களாகவும் மாறினர். களவுக்குப் பயன்பட்ட அறிவு காவலுக்குப் பயன்பட்டது. 2002 முதல் அவ்வூர்ப் பெண்கள் ‘வசந்த சேனை’ என்ற பெயரில் ஒன்றுகூடினர். வீட்டுவேலைக்கும் கூலி வேலைக்கும் இடையே, முறைவைத்துச் சிறு குழுக்களாகக் காட்டுக்குள் நடந்து, சந்தன மரங்களைக் காத்து வந்தனர். அவர்கள் இதற்கு ஊதியம் பெறவில்லை.

உலகின் வெப்பநிலை உயர்ந்து வரும் இக்காலத்தில் இச்சிறு செயல்களின் பொருள் பெரிதாகின்றது. 2016இல் கேரளத்தின் 14 மாவட்டங்களும் வறட்சிக்கு உள்ளானவையாக அறிவிக்கப்பட்டன. இரண்டே ஆண்டில், 2018 ஆகஸ்டில், அதே நாடு பெருவெள்ளத்தில் மூழ்கியது. 2020 ஆகஸ்டில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு மண்ணுள் புதைந்தது. 70 உயிர்கள் மறைந்தன. மழை இனி நம் கணக்குக்கு அடங்கிப் பெய்யும் என்று நம்பியிருக்க இயலாது. மிகும் ஆண்டிலும் குறையும் ஆண்டிலும் காடு நின்றால்தான் மண் நிற்கும். மண் நின்றால்தான் கிணறு ஊறும்.

வானத்தை ஆளும் வல்லமை ஓர் ஊராட்சிக்கு இல்லை. ஒரு பெண்கள் குழுவுக்கும் இல்லை. பெய்த மழையைப் பங்கிடும் முறையும், நின்ற மரத்தைக் காக்கும் முறையும் அவர்கள் கையில் இருக்கின்றன. பிளாச்சிமடைப் பந்தலும் குமுளிக் காட்டுத் தடமும் நமக்குக் காட்டுவது அதுவே. நம் ஊர்ப் பொதுக்கிணற்றை இன்று மாலை ஒருமுறை எட்டிப் பார்ப்போம். அதன் நீர்மட்டம் சென்ற ஆண்டு எங்கே நின்றது என்பதை அறிந்தவர் நம்மிடையே ஒருவரேனும் இருப்பாராயின், அவரிடம் கேட்டறிவோம். காவல் அக்கேள்வியிலிருந்தே தொடங்குகின்றது.