பான்டூன் படகின் மின்கம்பி அமைப்பு: பழுதறிதலும் சீரமைப்பும்

பான்டூன் படகு என்பது இரண்டு அல்லது மூன்று அலுமினிய மிதவைக் குழாய்களின் மேல் தட்டையான தளம் அமைத்த உல்லாசப் படகு. அமெரிக்க ஏரிகளில் இது பெருவழக்கு. இதன் மின்கருவிகள் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குகின்றன.

அமைப்பு

பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் முதன்மை ஃபியூஸ், சுவிட்ச், ஃபியூஸ் பலகை வழியாக வழிகாட்டு விளக்கு, ஹாரன், பம்பு ஆகியவற்றை அடைந்து, நெகட்டிவ் கம்பி வழியாகத் திரும்புகிறது. காரைப் போல இங்கே உலோக உடலைத் திரும்பு வழியாகப் பயன்படுத்தக் கூடாது, அலுமினியம் அரிக்கப்படும். அமெரிக்கப் படகுத் தரநெறிப்படி பாசிட்டிவ் கம்பி சிவப்பு, நெகட்டிவ் கம்பி கறுப்பு அல்லது மஞ்சள், வழிகாட்டு விளக்குக் கம்பி சாம்பல் நிறத்தில் இருக்கும்.

பழுதின் காரணங்கள்

பழுதுகளில் பெரும்பாலானவை கருவிகளில் அல்ல, இணைப்புகளில்தான் தோன்றுகின்றன. தளத்தின் அடியில் செல்லும் கம்பிகள் எப்போதும் ஈரத்தில் இருக்கின்றன. நீர் உறைக்குள் புகுந்தால் செம்பு கறுத்தும் பச்சை படிந்தும் போகும். அதிர்வால் இணைப்புகள் தளரும். கரையில் நிறுத்தியிருக்கும் காலத்தில் எலிகள் உறையைக் கடிப்பதும் உண்டு.

பழுதறிதல்

முதலில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். ஓய்வில் இருக்கும், முழுதும் ஏறிய பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எல்லாக் கருவிகளும் ஒருசேர நின்றால் முதன்மை ஃபியூஸையும் பேட்டரி முனைகளையும், ஒன்று மட்டும் நின்றால் அதன் தனிச் சுற்றையும் பார்க்க வேண்டும்.

சுமை இல்லாதபோது அரித்த கம்பியும் 12 வோல்ட் காட்டக்கூடும். ஆகவே விளக்கை எரியவிட்டே அளக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை விளக்கின் நெகட்டிவ் இணைப்பிலும் வைத்தால், நல்ல கம்பியில் அளவீடு பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். அளவீடு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தால் திரும்பு வழியில் பழுது உள்ளது. பாசிட்டிவ் பக்கத்தையும் இவ்வாறே அளக்கலாம். வழிகாட்டு விளக்குச் சுற்றில் போகவர ஏற்படும் மொத்த மின்னழுத்த இழப்பு 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

சீரமைப்பு

வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பெட்ரோல் ஆவி தேங்காதபடி காற்றோட்டம் ஏற்படுத்த வேண்டும். கறுத்த கம்பியைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி நீக்க வேண்டும்; அரிப்பு நெடுகப் பரவியிருந்தால் கம்பியையே மாற்ற வேண்டும். புதிய கம்பி வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பாக இருத்தல் நல்லது. முனைகளைக் கிரிம்ப் செய்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூட வேண்டும். வெறும் முறுக்கும் டேப்பும் ஈரத்தில் நிலைக்காது.

எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் அளவுள்ளதையே போட வேண்டும். பெரிய ஃபியூஸ் கம்பியைச் சூடாக்கித் தீக்கு வழிவகுக்கும். இறுதியாக, எல்லாக் கருவிகளையும் ஒருசேர இயக்கி மின்னழுத்தத்தை மீண்டும் அளக்க வேண்டும்.