பலூன் துணிக் கோட்டு: 1922இல் எவரெஸ்ட்டுக்குப் போன சாமான்கள்

1922இல் எவரெஸ்ட் ஏறப் போன பிரித்தானியக் குழுவின் படங்களைப் பார்த்தால், கன பேர் வேட்டைக்கு வெளிக்கிட்ட கனவான்கள் மாதிரித்தான் நிற்கிறார்கள். ட்வீட் ஜாக்கெட், கம்பளி ஸ்வெட்டர், கழுத்தில மஃப்ளர், காலில ஆணி அடிச்ச தோல் சப்பாத்து. அந்தக் கூட்டத்துக்குள்ள ஜோர்ஜ் பின்ச் மட்டும் தானே யோசித்துத் தைப்பித்த ஒரு பொம்மல் கோட்டோட வந்தார். வெளியில பலூன் செய்கிற துணி, உள்ளுக்குள்ள ஈடர் வாத்தின் தூவி. மற்றவர்கள் சிரித்தார்கள். குளிர் ஏற ஏற அந்தச் சிரிப்பு குறைந்துபோனது.

இன்றைக்கு அந்தக் கோட்டின் பேரப்பிள்ளைகளை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ரொறொன்ரோவில இருக்கிற மாமாமாரும் மச்சாள்மாரும் பனிக்கு முன்னால நின்று அனுப்புகிற படங்களில போட்டிருப்பது அதுதான்.

பின்ச் அவுஸ்திரேலியாவில் பிறந்தவர், சூரிச்சில் படித்தவர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரசாயனம் கற்பித்தவர். கோட்டிலயும் அந்த இரசாயனக்காரரின் புத்தி தெரிகிறது. உடம்புச் சூட்டைப் பிடித்து வைப்பது அசையாமல் நிற்கிற காற்று. கொஞ்சத் தூவியே நிறையக் காற்றை அடைத்து வைக்கும், பாரமும் இல்லை. ஆனால் வெளிக்காற்று உள்ளே புகுந்தால் எல்லாம் வீண். அதுக்குத்தான் பலூன் துணி. கம்பளியும் பட்டும் ஒன்றுக்கும் உதவாது என்று நாங்கள் சொல்லவில்லை. அடுக்கடுக்காகப் போட்டால் அவையும் சூடு தரும். ஆனால் அதே மே மாதம் பின்ச்சுக்கு முன்னால் ஏறிய மோர்ஸ்ஹெட் பனிக்கடியில் விரல் நுனிகளை இழந்தார்.

கோட்டைவிடப் பெரிய சண்டை ஒட்சிசனுக்கு. நாலு உருக்குச் சிலிண்டரும் அதைக் காவுகிற சட்டமும் சேர்ந்து ஒரு ஆளுக்கு 14 கிலோவுக்கு மேல். பாரம் ஒரு பிரச்சினைதான். அதோட, ஒட்சிசன் பாவித்து ஏறுவது கனவான்களின் விளையாட்டுக்கு அழகில்லை என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். எங்களுக்கு இது விளங்கவே இல்லை. சப்பாத்தில ஆணி அடிக்கலாம், காற்றுத் தடுக்கக் கபர்டீன் போடலாம், சுடுதண்ணிப் போத்தல் கொண்டு போகலாம், சிலிண்டர் மட்டும் கள்ளமா? எது ‘சரியான’ சாமான் என்று தீர்மானித்ததில பாதி, அதைக் கொண்டு வந்தவர் எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கிளப் என்பதில இருந்தது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

மே 25ஆம் திகதி பின்ச், ஜெஃப்ரி புரூஸ், கூர்க்காப் படைவீரர் தேஜ்பீர் மூவரும் ஏறக்குறைய 7,770 மீற்றரில் ஒரு சின்னக் கூடாரத்தை அடித்தார்கள். புரூஸ் அதுக்கு முதல் மலையேறியே பழக்கமில்லாதவர். இரவு புயல். கூடாரத்தோடு சேர்த்துத் தங்களையும் காற்றுத் தூக்கிக்கொண்டு போய்விடாமல் விடியும்வரை பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அடுத்த நாளும் இறங்கவில்லை. பின்னேரம் கீழே, 7,000 மீற்றரளவில் இருந்த முகாமில இருந்து சுமைகாவிகள் சிலர் சுடச்சுடத் தேநீரோடு ஏறி வந்து, கொடுத்துவிட்டுத் திரும்பி இறங்கினார்கள். எவரெஸ்ட் வரலாறுகளில் இதுக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பது அரிது.

அந்த இரண்டாம் இரவு குளிர் எலும்புக்குள் இறங்கத் தொடங்க, பின்ச்சுக்கு ஒரு யோசனை வந்தது. சிலிண்டரைக் கூடாரத்துக்குள்ள எடுத்து மூவரும் மாறி மாறிச் சுவாசித்தார்கள். கை காலுக்குச் சூடு திரும்பியது, நித்திரையும் வந்தது. இன்று எட்டாயிரம் மீற்றர் மலைகளில் ஒட்சிசனோடு படுப்பது சாதாரணம். அதன் தொடக்கம் இந்தக் கூடாரந்தான்.

விடிய ஏறினார்கள். தேஜ்பீர் மேலதிகச் சிலிண்டர்களைக் காவி, முடியாமல் திரும்பினார். புரூஸின் கருவியில ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தது. பின்ச் தன் ஒட்சிசனைப் பகிர்ந்து, அதைத் திருத்தி, பிறகு இருவருமாக இறங்க முடிவெடுத்தார்கள். நின்ற இடம் ஏறக்குறைய 8,320 மீற்றர். அதுவரை மனிதர் எவரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. ஒட்சிசன் இல்லாமல் மலோரி, நோர்ட்டன், சமர்வெல் மூவரும் சில நாளுக்கு முன்னர் தொட்டது 8,225 மீற்றர்.

இவ்வளவு செய்தவரை 1924 பயணத்துக்குச் சேர்க்கவில்லை. விரிவுரைப் பணத்தில தகராறு, குழுச் செயலாளரின் வெறுப்பு, இப்படிச் சில்லறைக் காரணங்கள். 1953இல் ஹிலரியும் டென்சிங்கும் ஒட்சிசனோடு உச்சியில் நின்றபோது பின்ச் இந்தியாவில, பூனே தேசிய இரசாயன ஆய்வுகூடத்தின் பணிப்பாளராக இருந்தார்.

ஆனால் பின்ச்சை மட்டும் புறக்கணிக்கப்பட்ட வீரனாக்கிவிட்டு நிற்க எங்களுக்கு மனமில்லை. கோட்டு, கூடாரம், சிலிண்டர் எல்லாத்தையும் மேலே கொண்டு போனது யாருடைய முதுகு? ஜூன் 7ஆம் திகதி மூன்றாவது முயற்சி. புதுப்பனி விழுந்திருந்த சரிவில் மலோரி, சமர்வெல், குரோஃபோர்ட் மூவரும் 14 சுமைகாவிகளும் கயிற்றில் கட்டி ஏறிக்கொண்டிருக்க, பனி சரிந்தது. ஒன்பது சுமைகாவிகள் பனிவிளிம்புக்குக் கீழே அடித்துச் செல்லப்பட்டார்கள். இருவரைத்தான் உயிரோடு தோண்டி எடுக்க முடிந்தது. ஏழு பேர் செத்தார்கள். பிரித்தானியரில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

ஒட்சிசன் நியாயமா அநியாயமா என்று லண்டனில வாதாடிய ஒருவரும் அந்த ஏழு பேரின் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள். மருத்துவரான சமர்வெல்லுக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. எங்களில் ஒருவராவது அவர்களோடு ஏன் சாகவில்லை என்ற பொருளில பின்னாளில எழுதினார். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு முன்னால் நின்ற நோயாளர் கூட்டத்தைக் கண்டார். அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். 1924இல் இன்னொருமுறை எவரெஸ்ட்டுக்குப் போய்விட்டு, திரும்பவும் நெய்யூருக்கே வந்து, பல வருடம் அங்கே சத்திரசிகிச்சை செய்தார்.