டிரான்ஸ்பார்மருக்குக் காது வைத்த கதை

மீன்சுருட்டிக்கு வடக்கே இருக்கிறது நெய்வேலி. சோவியத் உதவியோடு கட்டிய அதன் முதல் அனல் மின் நிலையம் 1962-ல் ஓடத் தொடங்கி, 2020-ல் நிறுத்தப்பட்டது. இப்படிப்பட்ட நிலையங்களில் பிறக்கும் மின்சாரம் வெளியே கிளம்பும்முன் பெரிய டிரான்ஸ்பார்மர்களைத் தாண்டியாக வேண்டும். இரும்புத் தொட்டி, உள்ளே தாமிரச் சுருள், காகிதக் காப்பு, சுற்றிலும் எண்ணெய். மூடிய பெட்டிக்குள் பழுது வந்தால் எப்படித் தெரியும்?

1921-ல் ஜெர்மனியின் மாக்ஸ் புக்ஹோல்ஸ் ஒரு வழி கண்டார். பழுதினால் எழும் வாயு மேலே சேரும், மிதவை இறங்கும், மணி அடிக்கும். பின்னாளில் எண்ணெயில் கரைந்த வாயுக்களையும் சோதித்தார்கள். ஹைட்ரஜன் கூடினால் காப்புக்குள் சிறு மின்பொறிகள். அசிட்டிலீன் வந்தால் ஆர்க், அதாவது ஆபத்து! ஆனால் இரண்டுமே நோய் இருப்பதைச் சொல்லுமே தவிர, இடத்தைச் சொல்லாது. இடம் தெரிய எண்ணெயை வடித்துத் தொட்டியைத் திறக்க வேண்டும். திறந்தால் ஈரமும் தூசியும் உள்ளே போகும். திறந்த பிறகும் காகிதத்துக்கு அடியில் இருக்கும் சின்னக் கருகல் கண்ணில் படாமல் போகலாம்.

இங்கேதான் ஒலி உதவிக்கு வந்தது. மின்னலைப் பார்த்து, இடி கேட்கும்வரை எண்ணித் தூரம் சொல்வோமே, அதே கணக்குதான். ஒவ்வொரு பொறியும் எண்ணெய்க்குள் ஒரு குட்டி இடி. அதன் ஒலி நொடிக்குச் சுமார் 1400 மீட்டர் போகும். மின் துடிப்பு உடனே தெரிந்துவிடும். ஒலி 1 மில்லிநொடி தாமதித்தால் பொறி 1.4 மீட்டர் தூரத்தில். தொட்டியின் வெளிச்சுவரில் மூன்று சென்சார் ஒட்டினால் புள்ளியே கிடைத்துவிடும். மின் துடிப்பைப் பிடிக்க முடியாவிட்டால் நான்கு வேண்டும். சென்சாரின் உயிர், 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த அழுத்த மின்விளைவு. டிரான்ஸ்பார்மரின் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை வடிகட்டிவிட்டு, 150 கிலோஹெர்ட்ஸ் பக்கமாகக் கேட்பார்கள். 2000-ல் ஐ.இ.இ.இ. இதற்கு ஒரு சோதனை வழிகாட்டி வெளியிட்டது.

இதிலும் ஒரு ஏமாற்று வேலை உண்டு. எண்ணெயைவிட இரும்பில் ஒலி வேகமாக ஓடும். சுவரைத் தொட்ட ஒலி இரும்பு வழியே ஓடிவந்து முதலில் சேர்ந்தால், கணக்கு தப்பாகிவிடும். அதனால் அனுபவசாலிகள் சென்சாரை நகர்த்தி நகர்த்தி, தாமதம் மிகக் குறைவாக உள்ள இடத்தைத் தேடுவார்கள். சுருளின் ஆழத்தில் உள்ள பொறி என்றால் அதுவும் கஷ்டம். காகிதமும் அட்டையும் சத்தத்தை விழுங்கிவிடும். அதற்காகவே எண்ணெய் வடிக்கும் வால்வு வழியாக ஒரு ஆன்டெனாவை நுழைத்து, பொறி கிளப்பும் ரேடியோ அலையையும் சேர்த்துப் பிடிக்கிறார்கள்.