தான்சா நதிக்கரை வெந்நீரூற்றுகள்

வெந்நீரூற்று என்றதும் எரிமலையும் மனிதர் வாழவொண்ணாத பாலைநிலமும் நம் நினைவில் எழுகின்றன. எத்தியோப்பியாவின் தனாக்கில் தாழ்நிலம் அத்தகையது. அங்குள்ள தல்லோலில் 1960 முதல் 1966 வரை அளந்தபோது, ஆண்டுச் சராசரி வெப்பம் 34 பாகைக்கும் மேலிருந்தது. நிலத்தடிப் பாறைக்குழம்பின் வெம்மையே அவ்விடத்து ஊற்றுகளைக் கொதிக்கச் செய்கிறது.

ஆயினும் வெந்நீரூற்றைக் காண நாம் அத்துணைத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. மும்பைக்கு வடக்கே சுமார் 75 கிலோமீட்டரில், தான்சா நதியையொட்டிய வஜ்ரேசுவரி, அக்லோலி, கணேஷ்புரி ஆகிய ஊர்களில் அவை சுரக்கின்றன.

தேவி வதைத்த அரக்கரின் குருதியே வெந்நீராயிற்று என்பது அவ்வட்டாரத்தார் வழங்கும் கதை. வஜ்ரேசுவரியின் வரலாறோ போரோடு பிணைந்தது. போர்த்துக்கீசியர் வசமிருந்த வசாய்க் கோட்டையைப் பேஷ்வா பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா 1739 மே மாதத்தில் கைப்பற்றினார். வெற்றி கிட்டினால் கோயில் எழுப்புவதாக அவர் தேவியிடம் நேர்ந்துகொண்டார் என்பர். கோட்டைபோல் மதில் சூழ்ந்து இன்றும் நிற்கும் ஆலயம் அந்த நேர்த்திக்கடனின் பயனே. பிற்காலத்தில் கணேஷ்புரியில் 1961 வரை வாழ்ந்த நித்தியானந்த சுவாமிகளால் அவ்வூரின் பெயர் நாடெங்கும் பரவியது.

இவற்றை அறிவியல் நோக்கில் ஆராய்ந்தோரும் உண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவரான தாமஸ் ஓல்டம், நாட்டின் வெந்நீரூற்றுகளில் சுமார் 300-ஐத் தொகுத்தார். அவர் 1878-இல் மறைந்த பின்னரே, அவர் மகன் முயற்சியால், அப்பட்டியல் அச்சேறியது.

இவ்வெம்மைக்குக் காரணம் யாது? தக்காணத்து எரிமலைப் பாறை சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. அதன் சூடு என்றோ தணிந்துவிட்டது. மழைநீரே பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 பாகை வரை உயரும். அவ்வாறு சூடேறிய நீர் வேறு பிளவுகளின் வழியே மேலெழுகிறது. கொங்கணக் கரையில் இத்தகைய ஊற்றுகள் தெற்கே இராஜாபூர் வரை வரிசையாக உள்ளன.

இதே தான்சா நதியில், ஊற்றுகளுக்கு மேற்புறம் கட்டப்பெற்ற அணை 1892 முதல் மும்பைக்குக் குடிநீர் தருகிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர்வாழ் தமிழரும் பருகும் மாநகர நீரில் அதற்கும் பங்குண்டு. யாத்திரிகர் நீராடும் வெந்நீரும், நாம் பருகும் தண்ணீரும் மழை தந்தவையே. அம்மழையை ஏற்கும் காடும் மலையும் பழுதுபடாமல் காப்பது, பக்தர்க்கும் நகரத்தார்க்கும் பொதுக்கடமையாகும்.