ஹூக்ளியின் வீழ்ச்சி: யானைக் கதை சொல்லாதது

ஹவுராவிலிருந்து வடக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ளது பண்டேல். துறைமுகத்தைக் குறிக்கும் 'பந்தர்' என்ற சொல்லே இப்பெயராகத் திரிந்தது என்பர். இன்று ஹூக்ளி–சின்சுரா நகராட்சியில் அடங்கியுள்ள இப்பகுதியில்தான் வங்கத்தில் போர்த்துக்கீசியரின் முதன்மையான நகரம் இருந்தது. 1690இல் ஆங்கிலேயர் கல்கத்தாவில் கால் பதிப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே அது தழைத்திருந்தது.

சரஸ்வதி ஆறு தூர்ந்து சப்தகிராமத் துறைமுகம் நலிந்தபோது வணிகம் ஹூக்ளிக்கு இடம்பெயர்ந்தது. அக்பரின் இசைவுடன் 1580ஐ ஒட்டிப் போர்த்துக்கீசியர் அங்கே குடியேறினர். 1599இல் தேவாலயம் எழுந்தது. உப்பு, துணி, அரிசி ஆகியவற்றோடு மனிதர்களும் அங்கே விலைபோயினர். கழிமுகக் கிராமங்களில் போர்த்துக்கீசியக் கடற்கொள்ளையரும் அரக்கானிய மக் கூட்டத்தாரும் பிடித்துவந்த மக்கள் பல துறைமுகங்களில் அடிமைகளாக விற்கப்பட்டனர். ஹூக்ளி அவற்றுள் ஒன்று.

1632இல் ஷாஜகானின் ஆணைப்படி வங்க ஆளுநர் காசிம் கானின் படைகள் நகரை முற்றுகையிட்டன. ஏறத்தாழ மூன்று மாதப் போருக்குப் பின் நகரம் வீழ்ந்தது, தேவாலயமும் அழிந்தது. கைதிகள் ஆக்ராவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

அதற்குப் பின் நடந்ததாகத் தேவாலய மரபு சொல்லும் கதையே இன்று பலரும் அறிந்தது. பாதிரியார் ஜோவாவ் த குரூஸ் மதங்கொண்ட யானையின் முன் வீசப்பட்டார். யானையோ அவரை மிதிக்காமல் தன் முதுகில் ஏற்றிக்கொண்டது. மனமிரங்கிய பேரரசர் கைதிகளை விடுவித்து 777 பிகா நிலத்தை வரியின்றி அளித்தார் என்பது அக்கதை. 1660இல் தேவாலயம் மீண்டும் கட்டப்பட்டது. 1988இல் அது பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது.

அப்துல் ஹமீத் லாஹோரியின் 'பாதுஷாநாமா' வேறொரு கணக்கையும் தருகிறது. கிறித்தவர்கள் சுமார் 4,400 பேர் சிறைப்பட்டனர். அவர்கள் அடைத்து வைத்திருந்த சுற்றுவட்டார மக்கள் ஏறத்தாழ 10,000 பேர் விடுதலை பெற்றனர் என்கிறது அந்நூல். அரசவை எழுத்தாளர் தம் பேரரசரின் படையெடுப்பை நியாயப்படுத்த எண்ணைப் பெருக்கியிருக்கலாம். ஹூக்ளியின் செல்வத்தின் மீதும் சுங்க வருவாயின் மீதும் முகலாயருக்கு இருந்த நாட்டத்தையும் மறுப்பதற்கில்லை. எனினும் அடிமை வாணிகம் கற்பனையன்று.

யானையின் கருணையைச் சொல்லும் கதையில் பேரரசரின் சினத்திற்கான காரணத்திற்கு இடமில்லை. அரசவை வரலாறோ ஆக்ரா வரை நடத்திச் செல்லப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் வெற்றியின் கணக்கில் சேர்த்துவிடுகிறது. பாதிரியாரின் பெயர் நிலைத்தது. கழிமுகத்திலிருந்து பிடித்துவரப்பட்டவர்களில் ஒருவரின் பெயரையேனும் இவ்விரண்டும் சொல்லவில்லை. பண்டேலின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரு ஏடுகளையும் அருகருகே வைத்தே படிக்க வேண்டும்.