லிப்டன் மேடையேற்றிய மலை

2002-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'அமெரிக்கன் ஐடல்' பாட்டுப் போட்டியில் நடுவர்களின் மேசைமீது கொக்கா-கோலா பெயர் பொறித்த சிவப்புக் குவளைகள் வைக்கப்பட்டிருந்தன. தமிழ்நாட்டில் 2006-இல் வந்த 'ஏர்டெல் சூப்பர் சிங்கர்' நிறுவனத்தின் பெயரைத் தலைப்பிலேயே சுமந்து வந்தது. மெய்யான மனிதரின் மெய்யான பதற்றத்துக்கு நடுவே சரக்கை வைத்துக் காட்டும் இவ்வுத்தியைத் தொலைக்காட்சியின் கண்டுபிடிப்பாகவே பலரும் கருதுகின்றனர். பதுளை மாவட்டத்தில், அப்புத்தளைக்கு அருகே உள்ள தம்பேத்தன்ன தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டனின் வரலாற்றைப் படித்தால் அவ்வாறு கருத இயலாது.

லிப்டன் 1871-இல் கிளாஸ்கோ நகரில் மளிகைக்கடை திறந்தவர். 1881 கிறிஸ்துமசுக்கு அமெரிக்காவிலிருந்து இராட்சதப் பாலாடைக்கட்டி ஒன்றைத் தருவித்து, அதற்குள் தங்கப் பவுண்களை மறைத்துவைத்து, துண்டு துண்டாக விற்றார். தமக்குக் கிடைக்கும் துண்டில் பவுண் இருக்குமா என்று மக்கள் முண்டியடித்தனர். அவர்களுடைய ஆசையும் நெரிசலுமே அங்கே நிகழ்ச்சி. நடிகர் ஒருவரும் தேவைப்படவில்லை.

1890-இல் அவர் இலங்கைக்கு வந்தபோது, இலைநோயால் கோப்பிப் பயிர் அழிந்து, தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. ஊவா மலைகளில் தோட்டங்களை வாங்கியவர், 'தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் விளம்பரம் செய்தார். அது முழு உண்மையன்று. அவர் விற்ற தேயிலையில் பெரும்பகுதி சந்தையில் வாங்கிக் கலக்கப்பட்டது. சொந்தத் தோட்டங்களின் விளைச்சல் அவ்வளவு பெரிய வியாபாரத்துக்குப் போதாது. ஆனாலும் அச்சொற்றொடர் நிலைத்தது. வாங்குபவருக்குத் தோட்டம் ஒரு காட்சியாகக் கிடைத்தது. அக்காட்சியின் நாயகி, கூடையுடன் நிற்கும் தமிழ்ப் பெண்.

தோட்டத்துக்கும் கேத்தலுக்கும் இடையே என்ன இருந்தது என்பதைத்தான் அந்த 'நேரே' என்ற சொல் மறைத்தது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணியின் முன்பணத்தில் கட்டுண்டு கடல் கடந்தவர்கள் அவர்கள். லயத்து அறை ஒன்றில் குடும்பமே முடங்க, விடியுமுன் பெரட்டுக்குப் போய், மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்தெடுத்தார்கள். விளம்பரப் படத்தில் இவற்றுக்கு இடமில்லை. அதிலிருந்த பெண்ணுக்குப் பெயரும் இல்லை.

மறுபுறம் லிப்டனின் பெயர் வளர்ந்துகொண்டே போனது. 1897-இல் லண்டன் ஏழைகளின் விருந்துக்கு 25,000 பவுண் கொடுத்தார். மறு ஆண்டு 'சேர்' பட்டம் பெற்றார். 1899 முதல் 1930 வரை அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் போட்டியில் 'ஷாம்ரொக்' என்ற பெயரிட்ட படகுகளுடன் ஐந்து முறை போட்டியிட்டு, ஐந்து முறையும் தோற்றார். சிரித்த முகத்துடன் தோற்கும் கிழவரை அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடின. அவருடைய தேயிலையும் கூடவே பிரபலமானது. இன்றைய தொலைக்காட்சித் தயாரிப்பாளருக்கு இதைவிட உருக்கமான போட்டியாளர் கிடைப்பாரா என்பது ஐயமே.

1931-இல் அவர் இறந்தார். செல்வத்தில் பெரும்பகுதி கிளாஸ்கோ நகருக்குப் போயிற்று. 1948-இல் குடியுரிமைச் சட்டம் கொழுந்தெடுத்தவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நாடு கேட்டு நின்ற அதே காலத்திலும் சிலோன் தேயிலையின் முகமாக உலகெங்கும் அச்சாகிக்கொண்டிருந்தவள் அந்தத் தமிழ்ப் பெண்தான். நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டுமென்று பல ஆண்டுகள் போராடி, 2021-இல்தான் அது வர்த்தமானியில் வந்தது.

தம்பேத்தன்னைக்கு மேலே 'லிப்டன் சீட்' என்னும் முனையில் அவர் அமர்ந்து தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. இப்போது அங்கே அவருக்குச் சிலை இருக்கிறது; பயணிகள் அதன் அருகே அமர்ந்து படமெடுத்துக்கொள்கிறார்கள். இறங்கும் வழியில் கொழுந்தெடுக்கும் பெண்களையும் எடுக்கிறார்கள். மலையகத்தில் படத்துக்குக் காசு கேட்கும் பெண்களைப் பற்றிப் பயணிகள் சிலர் முகஞ்சுளித்து எழுதுவதுண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. நூறாண்டுக்கும் மேலாகக் கொடுபடாத கூலியில் ஒரு சிறு தவணையைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.