வெசூவியஸ் மண், பெரியாற்றங்கரை

எர்ணாகுளம் மாவட்டத்தில் வடக்குப் பறவூருக்குப் பக்கத்தில் பட்டணம் என்றொரு சிற்றூர். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள வரலாற்று ஆய்வு மன்றம் 2007-இல் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. சங்கப் பாடல்கள் பேசும் முசிறித் துறையின் ஒரு பகுதி இதுவே என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். குழிகளில் உள்ளூர்ப் பானை ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அவற்றோடு கலந்து, தடித்த, வேற்றூர் மண்ணாலான ஓடுகளும் ஆயிரக்கணக்கில் வந்தன.

அந்த வேற்று ஓடுகளில் ஒரு கைப்பிடித் துண்டைக் கவனிப்போம். இரண்டு களிமண் உருளைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டிச் செய்த இரட்டைப் பிடி. உடைந்த முகத்தில் கறுப்புத் துகள்கள் மினுங்குகின்றன. பெரியாற்று வண்டலில் இந்தத் துகள் கிடையாது. எரிமலைப் பாறை நொறுங்கி மணலாகிக் கிடக்கும் இடத்துக் குயவர் அந்த மணலைக் களிமண்ணில் சேர்த்துப் பிசைந்தால்தான் இப்படி வரும். அந்த இடம் இத்தாலியில், நேப்பிள்ஸ் வளைகுடாவை ஒட்டிய வெசூவியஸ் மலையடிவாரம். கி.பி. முதல் நூற்றாண்டில் காம்பானியா வட்டாரத்துத் திராட்சை மது இத்தகைய சாடிகளில்தான் கப்பலேறியது. தொல்லியலாளர் இவற்றை ஆம்போரா என்பார்கள்.

மது தயாரான இடம் எப்படி இருந்தது என்பதை இன்றும் நேரில் பார்க்கலாம். பொம்பெய் நகருக்கு அருகே பொஸ்கோரியாலேயில் ஒரு பண்ணைவீட்டை அகழ்ந்து வைத்திருக்கிறார்கள். அதன் முற்றத்தில் கழுத்தளவு மண்ணில் புதைத்த 18 பெருந்தாழிகள். பக்கத்து அறையில் பழத்தை நசுக்கும் ஆலை. பிழிந்த சாறு தாழிகளில் கிடந்து புளித்து மதுவாகும். பிறகு உள்ளே பைன் பிசின் பூசிய சாடிகளுக்கு மாற்றி, வாயை அடைத்துப் பூசுவார்கள். ஒரு சாடியில் சுமார் 26 லிட்டர் கொள்ளும். அடி கூம்பியிருப்பதால் தரையில் நிற்காது; ஆனால் கப்பலின் அடித்தளத்தில் வரிசை வரிசையாகச் செருகி அடுக்க அதுதான் வசதி.

மதுவைப் போலவே மது செய்கிறவனுக்கும் அன்று பேரும் விலையும் இருந்தன. மூத்த பிளினி தன் 'இயற்கை வரலாறு' நூலில் அசிலியஸ் ஸ்தெனெலஸ் என்பவனைப் பற்றி எழுதுகிறார். விடுதலை பெற்ற அடிமைக் குலத்தவன். ரோமுக்கு வெளியே நொமென்டம் வட்டாரத்தில் அறுபது யூகெரம், நம் கணக்கில் ஏறக்குறைய 37 ஏக்கர், திராட்சைத் தோட்டத்தைச் சீர்படுத்தி 4 லட்சம் செஸ்டர்ஸுக்கு விற்றான். அவன் கைராசி ஊரெல்லாம் பரவியது. ரெம்மியஸ் பலேமன் என்ற இலக்கண ஆசிரியர் அதே பக்கத்தில் பராமரிப்பில்லாத ஒரு தோட்டத்தை 6 லட்சத்துக்கு வாங்கி ஸ்தெனெலஸிடம் ஒப்படைத்தார். எட்டே ஆண்டில், கொடியில் தொங்கிய பழம் மட்டும் 4 லட்சத்துக்கு விலைபோனது. பிறகு அந்தத் தோட்டத்தை நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்கியவர் தத்துவஞானி செனெக்கா. பரிசும் பதக்கமும் இல்லாத காலத்தில் ஒரு மது வல்லுநனுக்குக் கிடைத்த உச்சபட்ச அங்கீகாரம் இதுதான்.

நம் சாடியின் பாதைக்கு வருவோம். நேப்பிள்ஸ் வளைகுடாவின் புதியோலித் துறையிலிருந்து எகிப்தின் அலெக்சாண்டிரியா. அங்கிருந்து படகில் நைல் ஆற்றை எதிர்த்துக் கோப்டஸ் நகரம். பிறகு ஒட்டக முதுகில் பாலைவனம் கடந்து செங்கடல் துறையான பெரெனிகே. இந்தப் பாலைப் பயணம் மட்டும் 12 நாள் என்கிறார் பிளினி. பெரெனிகேயில், சுங்க வாசலுக்கென்று பானை ஓடுகளில் எழுதிய அனுமதிச் சீட்டுகள் கிடைத்திருக்கின்றன. இன்னார் கொண்டுவரும் இத்தனை சாடி இத்தாலி மதுவை உள்ளே விடவும் என்பது போன்ற குறிப்புகள். அதே ஊரில் 'கொற்ற' எனத் தொடங்கும் பெயர் பொறித்த தமிழ்பிராமி ஓடும், ஒரு கோயிலில் ஏழரைக் கிலோ மிளகு நிறைந்த இந்தியத் தாழியும் கிடைத்தன. பாதை இருபுறமும் திறந்திருந்தது.

ஜூலையில் பாய் விரித்த கப்பல், பருவக்காற்றைப் பிடித்தால் செங்கடல் வாயிலிலிருந்து 40 நாளில் முசிறி வந்துவிடும். கரையோரம் ஆழமில்லை, பெரிய கப்பல் எட்டத்தில் நங்கூரமிடும். சரக்கைச் சிறு வள்ளங்களில்தான் இறக்க வேண்டும். பரணரின் புறநானூற்றுப் பாடலில் கப்பல் தந்த பொன்னைக் கழித்தோணிகள் கரைசேர்க்கின்றன. பட்டணத்தின் சேற்றுக்குள் ஆறு மீட்டர் நீள ஆஞ்சிலி மரத் தோணி ஒன்று, கட்டைத் தறிகளோடு, கிடைத்திருக்கிறது.

இனிதான் கேள்வி. இந்தக் கரைக்குத் திராட்சை மது எதற்கு? அதே பரணர் பாட்டில், சேரன் குட்டுவன் நாட்டில் கள் தண்ணீர்போலக் கிடைக்கிறது. தென்னையும் பனையும் நிற்கிற ஊரில் ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்து பாரச் சாடி வந்து என்ன விற்றுவிடும்? அக்காலத்துக் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்திரேயக் கடல் பெரிப்ளஸ்' இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. முசிறிப் பக்கம் இறங்கும் சரக்குப் பட்டியலில் நாணயம் ஏராளம், பவளம், கண்ணாடி, செம்பு, தகரம், ஈயம் உண்டு, மது கொஞ்சம்தான். கப்பல்காரர்களுக்குப் போதுமான அளவு கோதுமையும் வரும், உள்ளூர் வணிகர் அதைத் தொடுவதில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது.

லாபக் கணக்கும் இதையே காட்டுகிறது. வியன்னாவில் இருக்கும் முசிறிப் பாபிரஸ், ஹெர்மபொல்லோன் என்ற கப்பல் இங்கிருந்து ஏற்றிச்சென்ற சரக்கின் மதிப்பைத் தருகிறது. கால் பங்கு சுங்கம் போக ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ். ஸ்தெனெலஸ் பாடுபட்டு விற்ற தோட்டத்தைப் போலப் பதினேழு தோட்டங்களை அந்த ஒரு கப்பல் சரக்கால் வாங்கலாம். அத்தகைய கப்பலில் மதுச்சாடிகள் பெரிய லாபத்துக்காக ஏறியிருக்க முடியாது. போகும்போது கனம் குறைந்த கப்பலுக்கு அவை அடிப்பாரமாகவும் உதவியிருக்கும் என்பது ஆய்வாளர் சிலர் கருத்து.

அப்படியானால் குடித்தவர் யார்? ஒரு பங்கு அரண்மனைக்குப் போனது. பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரனார், யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை மகளிர் பொற்கிண்ணத்தில் ஊட்ட நாள்தோறும் மகிழ்ந்திரு என்கிறார். கள் எல்லோருக்கும் கிடைக்கிற நாட்டில் அரசனுக்கென்று தனிச்சிறப்பாகச் சொல்ல அயல்நாட்டுத் தேறல் தேவைப்பட்டது. மறு பங்கு யவனருக்கே. மழைக்காலம் முடியும் தறுவாயில் வந்திறங்கியவர்கள் டிசம்பர், ஜனவரியில் காற்றுத் திரும்பும்வரை காத்திருந்தாக வேண்டும். சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். பியூட்டிங்கர் நிலப்படம் முசிறிக்கு அருகே அகஸ்டஸ் கோயில் ஒன்றைக் குறிப்பதே அதற்குச் சான்று. சோற்றுக்கும் கள்ளுக்கும் நடுவே அவர்களுக்கு வீட்டு ரொட்டியும் வீட்டு மதுவும் வேண்டியிருந்தன.

கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்தது. பொஸ்கோரியாலேத் தாழிகளும் பொம்பெய்த் தோட்டங்களும் சாம்பலுக்குள் போயின. பிளினியும் அந்த வெடிப்பில்தான் இறந்தார். கீழை மத்தியதரைக் கடல் பகுதியின் சாடிகள் தொடர்ந்து வந்தன. பின்னாளில் பாரசீக வளைகுடாவிலிருந்து, உள்ளே கீல் பூசிய நீள்சாடிகளும் வந்தன. திருவனந்தபுரம் கடற்கரைக்கும் இதில் பங்குண்டு. பெரிப்ளஸ் சொல்லும் பலிதா என்ற நல்ல துறை விழிஞ்ஞம் என்று சிலரும் வர்க்கலை என்று சிலரும் கொள்கிறார்கள். கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறை விழிஞ்ஞத்தில் நடத்திய ஆய்வில் மேற்காசியப் பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன.

இத்தாலியில் கதை வேறு வகையில் தொடர்ந்தது. வில்ஹெல்மினா யாஷெம்ஸ்கி என்ற அமெரிக்க அறிஞர், பொம்பெய்ச் சாம்பலில் கொடி வேர்கள் மட்கிப்போய் விட்டுச்சென்ற பொந்துகளில் சிமெண்டு ஊற்றி, எங்கே எந்த இடைவெளியில் கொடி நின்றது என்று கண்டுபிடித்தார். ஒரே தோட்டத்தில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட வேர்க்குழிகள். 1996-இல் காம்பானியாவின் பழம்பெரும் மது நிறுவனமான மஸ்த்ரோபெரார்தீனோ பொம்பெய்ச் சுவர்களுக்குள் பியெதிரோஸ்ஸோ முதலிய உள்ளூர் இனங்களை மறுபடி நட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அழியவிருந்த காம்பானியாத் திராட்சை இனங்களைக் காப்பாற்றியவர் என்று பெயரெடுத்த அந்தோனியோ மஸ்த்ரோபெரார்தீனோவின் குடும்பம் அது. 2001 அறுவடையிலிருந்து முதல் மது வெளிவந்தது.

பொன்னும் மிளகும்தான் முசிறி வரலாற்றின் முதல் அத்தியாயம், அதில் மாற்றமில்லை. அகநானூறும் பெரிப்ளஸும் ஒரே குரலில் அதைத்தான் சொல்கின்றன. சந்தை கேட்காமலே வந்த சரக்கு இந்த மதுச்சாடி. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வளைகுடாவுக்குப் புறப்படுகிறவர் பெட்டிக்குள் உப்பேரியும் மாங்காய் ஊறுகாயும் திணித்துக் கயிறு கட்டுகிறாரே, அதே தேவைதான் அன்று எதிர்த்திசையில் கடல் கடந்திருக்கிறது. ஸ்தெனெலஸைப் போன்ற வல்லுநர்களின் பெயர்களில் ஒன்றுகூட இந்தக் கரைவரை வந்து நிலைக்கவில்லை. அவர்கள் காலத்து மது எவ்வளவு தூரம் பயணம் போனது என்பதற்கு ரோமானிய எழுத்துகளைவிட உறுதியான சாட்சி, முசிறி முற்றங்களில் குடித்து முடித்துத் தூக்கியெறிந்த சாடிகளின் இந்த உடைசல்.